கூட்ஸ் வண்டி கடக்கும் நேரம்

பைத்தியம் என்று கூப்பிட்டால் எனக்குக் கோபம் வராது. விழுப்புரம் ரயில்வே காலனியில் முப்பத்தேழு வருடமாக எனக்கு அதுதான் பெயர். வெறும் திருமுருகன் என்று விசாரித்தால் நாலு பேர் இருக்கிறோம். பைத்தியம் திருமுருகன் என்று கேட்டால் பால்காரரே வீட்டு வாசலில் கொண்டுவந்து விட்டுவிடுவார். அந்தப் பெயர் எப்படி வந்தது என்று தெரியாத பொடிசுகள் கூப்பிடும்போதுதான் பற்றிக்கொண்டு வரும். அது நான் மேடையில் சம்பாதித்த பெயரய்யா. பார்சல் ஆபீஸ் கிளார்க்காக முப்பத்தைந்து வருடம் குப்பை கொட்டியதில் அந்த அளவுக்கு எதையும் சம்பாதிக்கவில்லை.

ஆகவே போன மாசியில் சினிமாக்காரர்கள் என்னைத் தேடிக்கொண்டு வந்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. வந்தது இரண்டு பேர். ஒருத்தி கலைப்பிரியா, குயிலாப்பாளையத்துப் பெண், வயது முப்பதுக்குள் இருக்கும், அவள்தான் இயக்குநர். இன்னொருவன் பிரவீன்குமார், கதாநாயகனாக நடிக்கப்போகிறவன். கலைப்பிரியா தன் போனை என் முன்னால் நீட்டினாள்.

"சார், இது நீங்கதானே?"

நான்தான். இருபத்தொன்பது வயது, தலை நிறைய முடி. மேடையில் உருண்டுகொண்டிருக்கிறேன். சிரிக்கிறேன், சுவரில் தலையை மோதுகிறேன், காகிதத்தைக் கிழித்து வாயில் போட்டு மெல்லுகிறேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தெட்டில் திண்டிவனத்து நாடகப் போட்டியில் யாரோ ஒரு கல்யாண வீடியோக்காரர் எடுத்த கேசட். அதை எவனோ புண்ணியவான் யூடியூபில் ஏற்றியிருக்கிறான்.

"அந்த பேப்பர் திங்கிற சீன் மட்டும் ஐம்பது தடவை பார்த்துட்டேன் சார்," என்றான் பிரவீன்குமார். "எப்படிப் பண்ணீங்கன்னு சொல்லிக் குடுக்கணும்."

"படத்துல உங்க பேரைத் தனி கார்டாப் போடுவோம்," என்றாள் கலைப்பிரியா.

தனி கார்டு! உள்ளே அடுப்படியில் என் மனைவி கரண்டியைக் கீழே வைத்த சத்தம் கேட்டது. அவளுக்கும் அது காதில் விழட்டும் என்றுதான் நான் "என்ன கார்டு?" என்று இரண்டாம் முறை கேட்டேன்.

படம் முகையூர் பிரான்சிஸைப் பற்றியது. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது. அறுபதுகளில் முகையூர்ப் பக்கத்திலிருந்து எழுதிய மனிதர். பெரிய வீட்டுப் பெண்கள் மனதில் என்ன நினைக்கிறார்கள், ஊர்க் கனவான்கள் கதவைச் சாத்திக்கொண்டு என்ன செய்கிறார்கள் என்பதையெல்லாம் ஒளிவுமறைவில்லாமல் எழுதினார். ஆட்களின் பெயரை மாற்றிவிடுவார். ஆனால் வாசலில் நிற்கிற முருங்கை மரத்தையும் நாயின் நிறத்தையும் மாற்ற மாட்டார். ஊரே கண்டுபிடித்துவிடும். பள்ளிக்கூடத்துப் பெண்கள் பாடப்புத்தகத்துக்குள் வைத்துப் படித்தார்கள். அவர்களுடைய அப்பாக்கள் வைக்கோல் போரில் ஒளித்து வைத்துப் படித்தார்கள். அப்படிப் படித்தவர்களே ஒன்றுகூடி அவரை அடிக்கவும் செய்தார்கள். அடித்தும் எழுத்து நிற்கவில்லை. கடைசியில் அவருடைய அண்ணனைப் பிடித்துக் கையெழுத்து வாங்கி, பட்டணத்தில் பைத்தியக்கார ஆஸ்பத்திரி ஒன்றில் சேர்த்துவிட்டார்கள். இரண்டு வருடம் மூன்று மாதம் உள்ளே இருந்தார். வெளியே வந்தபிறகு ஒரு வரிகூட எழுதவில்லை.

"ஒரே ஒரு சிக்கல் சார்," என்றாள் கலைப்பிரியா. "அவரோட பொண்ணு ஜெயம்னு திண்டிவனத்துல இருக்காங்க. அவங்க சம்மதக் கையெழுத்து இல்லாம படம் எடுக்க முடியாது. ரெண்டு தடவை போயி, ரெண்டு தடவையும் முடியாதுன்னுட்டாங்க. கடைசியா, நாடகத்துல எங்கப்பாவா நடிச்ச ஆளைக் கூட்டிக்கிட்டு வந்தா பேசறேன்னு சொன்னாங்க."

நான் என்ன நினைத்தேன் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்தம்மா என் ரசிகை என்று நினைத்தேன். இருந்ததிலேயே நல்ல சட்டையைத் தேய்க்கச் சொல்லிப் போட்டுக்கொண்டு மறுநாள் காலை காரில் ஏறினேன்.

விழுப்புரம் தாண்டி நெடுஞ்சாலையில் கார் பறந்தது. அந்தக் காலத்தில் இதே தூரத்துக்கு நாங்கள் படுதாக்களையும் தகரப் பெட்டிகளையும் மீட்டர் கேஜ் வண்டியின் கடைசிப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு பாட்டுப் பாடியபடி போவோம். பிரவீன்குமார் துருவித் துருவிக் கேட்கவும் எனக்கு வாய் நிற்கவில்லை.

எங்கள் காலனி நாடக மன்றத்தின் ஆசிரியர், இயக்குநர், காசாளர் எல்லாம் அப்பாதுரை அண்ணன்தான். கூட்ஸ் வண்டியில் கார்டு வேலை. எடுக்க ஆளில்லாமல் என் பார்சல் ஆபீசில் கிடந்த ஒரு மூட்டையை ஏலம் விட்டபோது, பழைய பேப்பர் என்று அதை எடுத்தவர் அவர். பிரித்தால் உள்ளே முழுக்க பிரான்சிஸ் கதைகள் வந்த பத்திரிகைகள். அண்ணன் ஒரு வாரம் லீவு போட்டுவிட்டுப் படித்தார். மறு மாதமே நாடகம் தயார். பிரான்சிஸ் எப்போதோ செத்துப்போய்விட்டார் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம்.

காலனி ஹாலில் நாடகம் போடுவது லேசுப்பட்ட காரியம் இல்லை. பின்சுவரை ஒட்டியே தண்டவாளம். வண்டி வந்தால் ஹாலே அதிரும், ஒரு வசனம் காதில் விழாது. அதனால் எங்களுக்கென்று ஒரு முறை இருந்தது. ரயில்வே கண்ட்ரோல் ஆபீசுக்குப் போன் போட்டு, இன்றைக்கு எந்த வண்டி எத்தனை மணிக்கு என்று கேட்டபிறகுதான் அண்ணன் திரையையே தூக்குவார். வண்டி கடக்கிற இடங்களை வசனப் பிரதியில் சிவப்புப் பென்சிலால் குறித்திருப்பார். அந்த நேரத்தில் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. ஆனால் பொம்மை மாதிரியும் நிற்கக் கூடாது. வெற்றிலை மடிக்கலாம், துணி மடிக்கலாம், சாப்பிடலாம். அழுகிற காட்சி என்றால் சத்தமில்லாமல் அழலாம். பார்க்க வருகிறவர்களும் ரயில்வேக்காரர்கள்தானே. வண்டியின் சத்தத்தை வைத்தே எத்தனை பெட்டி என்று சொல்லிவிடுவார்கள். சீன் நடுவில் சரக்கு வண்டி வந்தால் நாங்களும் அவர்களும் சேர்ந்து காத்திருப்போம். அந்த மாதிரி ஒரு கூட்டத்தை நான் அதற்கப்புறம் எங்கேயும் பார்த்ததில்லை. இப்போது நினைத்தாலும் நெஞ்சு ஏங்குகிறது.

ஆஸ்பத்திரிக் காட்சியை அண்ணன் தினமும் சாயங்காலம் வரும் சிமெண்ட் கூட்ஸுக்காகவே எழுதினார். ஏழு இருபதுக்கு வரும், கடந்து முடிக்க மூன்று நிமிடம் ஆகும். "வசனமே வேணாம்டா. வண்டி போற வரைக்கும் சும்மா குந்திக்கினு இரு. அது போதும்," என்றார். முதல் நாள் அப்படித்தான் செய்தேன். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். வண்டி வந்தது, போனது. ஒருத்தர் கை தட்டவில்லை. எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

மூன்று வாரம் கழித்துத் திண்டிவனத்தில் போட்டி. அந்த ஹால் கடைத்தெருவுக்குள், தண்டவாளத்துக்கு வெகு தூரத்தில் இருந்தது. வண்டியே கிடையாது. "வண்டி இல்லாட்டியும் அதே மூணு நிமிஷம் உக்காரு," என்று அண்ணன் சொல்லித்தான் மேடைக்கு அனுப்பினார். உட்கார்ந்தேன். நிசப்தம். பத்து வினாடிகூட ஆகியிருக்காது. யாரோ இருமினார்கள். பின்னாலிருந்து ஒருத்தன் விசிலடித்தான். எனக்கு உள்ளங்கால் வியர்த்துவிட்டது. வண்டி இல்லாமல் சும்மா உட்கார எங்களில் யாருக்குப் பழக்கம்? எழுந்தேன். மீதியைத்தான் நீங்கள் போனில் பார்த்துவிட்டீர்களே.

"அந்த சீனே இம்ப்ரோவைஸா சார்!" என்று பிரவீன்குமார் கையைத் தட்டினான். அன்றைக்கும் கைதட்டலில் ஹால் இடிந்து விழுந்தது. சிறந்த நடிகர் கோப்பை எனக்கு. அண்ணன் மட்டும் பக்கத் திரைக்குப் பின்னால் பிரதியை மூடி வைத்துவிட்டு, "நல்லா கை தட்டினாங்கடா," என்றார். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். அதன்பிறகு புதுச்சேரி, கடலூர் என்று பதினோரு ஊர்களில் பேப்பர் தின்றேன். கல்லூரிப் பையன்கள் ஆண்டு விழாவில் என்னை மாதிரியே செய்தார்கள். பிற்பாடு ஒரு டிவி நாடகத்தில் பிரான்சிஸாக வந்த நடிகனும் பேப்பர் தின்றான். இன்று இணையத்தில் தேடினால், பிரான்சிஸ் ஆஸ்பத்திரியில் தான் எழுதியதைத் தானே கிழித்துத் தின்றார் என்று கட்டுரையே இருக்கிறது. இதையும் நான் காரில் பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டு போனேன்.

ஜெயம் டீச்சரின் வீடு திண்டிவனத்தில் ரயில்வே கேட்டை ஒட்டி இருந்தது. பால்வாடியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அறுபதைத் தாண்டியிருக்கும். நரைத்த தலையைப் படிய வாரி, கண்ணாடி போட்டிருந்தார். முன்னறையில் ஒரு மாதா படம். அதன் பக்கத்தில் ஒல்லியான ஒரு மனிதரின் புகைப்படம். வேகவைத்த மல்லாட்டைக் கடலையைத் தட்டில் கொண்டுவந்து வைத்துவிட்டு என் எதிரில் உட்கார்ந்தார்.

"பேப்பர் தின்னவர் நீங்கதானா சார்?"

"ஆமாம்மா," என்றேன், நிமிர்ந்து உட்கார்ந்து.

"மொதல் தபா விழுப்புரத்துல போட்டப்போ அந்த எடத்துல சும்மாதான குந்திக்கினு இருந்தீங்க. அத ஏன் மாத்துனீங்க?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த முதல் நாளைப் பார்த்தவர்கள் காலனிக்காரர்கள் மட்டும்தான்.

"உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?"

"எங்கப்பா வந்து பார்த்தாரு."

"பிரான்சிஸா? அவரு அப்போ உயிரோட..."

"தொண்ணூத்தாறு வரைக்கும் இருந்தாரு சார். இங்கதான், மார்க்கெட்டாண்ட சைக்கிள் கடையில பஞ்சர் ஒட்டிக்கினு இருந்தாரு. யாருக்கும் தெரியாது, நாங்களும் சொல்லிக்க மாட்டோம். ஸ்டேஷன்ல உங்க நோட்டீஸப் பார்த்துட்டு, எங்கிட்ட கூட சொல்லாம வண்டி ஏறி வந்துட்டாரு. பார்த்துட்டு வந்து ரெண்டு நாளு ஒரே சிரிப்பு. 'யாரோ ஒரு பையன், என்ன நேர்ல பார்த்த மாரியே குந்திக்கினு இருந்தாம்மா. ரயிலு போவுது, அவன் பாட்டுக்குக் குந்திக்கினு இருக்கான். நான் அங்க அப்படித்தான் இருந்தேன்'னாரு. அந்த ஆஸ்பத்திரியப் பத்தி அவரு வாயத் தொறந்ததே அன்னிக்குத்தான்."

என் முதல் நாள் நடிப்பை ஒருவர் ரசித்திருக்கிறார். அதுவும் யார்! எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தம்மா அதைப் பார்க்காத மாதிரி தொடர்ந்தார்.

"அப்போ எனக்கு திருவெண்ணெய்நல்லூர்லேர்ந்து ஒரு வரன் வந்திருந்துது. வாத்தியாரு. எல்லாம் பேசி முடிச்ச நேரம் பார்த்து, பொண்ணோட அப்பன் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில இருந்தவன்னு எவனோ போயி சொல்லிட்டான். அவங்க யோசிக்க ஆரம்பிச்சிட்டாங்க. எங்கப்பா இன்னா பண்ணாரு தெரியுமா? இங்க உங்க நாடகம் வருதுன்னு தெரிஞ்சதும் மாப்பிள்ள வீட்டுக்காரங்களக் கையோட கூட்டிக்கினு வந்துட்டாரு. 'நான் சொன்னா நம்ப மாட்டீங்க. நான் அங்க எப்படி இருந்தேன்னு இவங்க அப்படியே காட்டுறாங்க, நீங்களே பாருங்க'ன்னு சொல்லி மூணாவது வரிசையில குந்த வச்சாரு. நானும் பக்கத்துலதான் இருந்தேன்."

கலைப்பிரியா கையிலிருந்த காகிதங்களைக் கீழே வைத்துவிட்டாள். எனக்கு மேலே கேட்கவே வேண்டாம் என்று இருந்தது. கேட்காமல் எழுந்து போகவும் முடியவில்லை.

"எல்லாரும் கை தட்டிக்கினு இருந்தாங்க. அந்த சத்தத்துலயே அவங்க எழுந்து போயிட்டாங்க சார். கல்யாணம் நின்னு போச்சேன்னு நான் அழுவல. வேலை இருந்துது, புள்ளைங்க இருந்தாங்க, என் பொழப்பு ஓடிப்போச்சு. எங்கப்பாதான்..." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "அதுக்கப்புறம் அவருக்கு அவரு மேலயே சந்தேகம் வந்துடுச்சு. 'ஜெயம், அவ்ளோ பேரு பார்த்து கை தட்டினாங்களே, அப்போ அது உண்மதானா? நான் அங்க அப்படித்தான் ஆடுனனா? எனக்குத்தான் ஞாபகம் இல்லியா?' இதயே கேட்டுக்கினு இருந்தாரு. சாவற வரைக்கும், எட்டு வருஷம். அவரு அங்க இருந்தப்போ நான் கைக்கொழந்த, நான் இன்னாத்தச் சொல்றது? இல்லப்பான்னுதான் சொல்வேன். 'நீ பார்த்தியா?'ன்னுவாரு."

நான் வாங்கிய கோப்பை வீட்டில் டிவிக்கு மேலே இருக்கிறது. வாரா வாரம் துடைக்கிறேன். அது அந்த நேரத்தில் என் கண் முன்னால் வந்தது, வெட்கமாக இருந்தது.

"சும்மா உக்காரணும்னு தெரியாமப் பண்ணல டீச்சர்," என்றேன். "பயந்துட்டேன். விழுப்புரத்துல வண்டி சத்தம் இருக்கும், அதுக்குள்ள ஒளிஞ்சிக்கலாம். இங்க வண்டி வரல. சும்மா உக்கார எனக்கு தைரியம் இல்ல. அவ்ளோதான். அவருக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல."

"இதத்தான் சார் உங்க வாயால கேக்கணும்னு இருந்தேன்," என்றார் அவர்.

கலைப்பிரியா மெதுவாகச் சொன்னாள். "மேடம், வேணும்னா ரெண்டு மாதிரியும் எடுத்து வச்சிக்கலாம். உக்கார்ற மாதிரியும், அந்த மாதிரியும். எடிட்டிங்ல பார்த்து..."

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. "ரெண்டு மாதிரி எடுத்தா எது நிக்கும்னு எனக்குத் தெரியாதா?" என்று கத்திவிட்டேன். "கை தட்டு வாங்கறதுதான் நிக்கும். முப்பத்தேழு வருஷமா அதுதான நின்னுக்கினு இருக்கு! பேப்பர் திங்கிறது படத்துல வரக்கூடாது. அப்படின்னு எழுதி டீச்சர் கையில குடு. என் பேரும் வேணாம், கார்டும் வேணாம்."

கலைப்பிரியாவின் முகம் சுருங்கியது. இருந்தாலும் நல்ல பெண். பேனாவைத் திறந்து, ஒப்பந்தத்தின் கீழே இரண்டு வரி தன் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டாள். ஜெயம் டீச்சர் அதை நிதானமாகப் படித்தார். ஆனால் பேனாவை வாங்கவில்லை.

"எழுதிக் குடுத்தா மட்டும் போதுமா?" என்று என்னைப் பார்த்தார். "அன்னிக்கு விழுப்புரத்துல பண்ணதை நான் பார்க்கலியே சார். எங்கப்பா மட்டுந்தான பார்த்தாரு."

கேட்டது புரிந்தது. அறுபத்தாறு வயது, முழங்கால் வலி வேறு. எழுந்து சுவரோரம் கிடந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். கையை மடியில் கோத்துக்கொண்டேன், அண்ணன் சொல்லிக்கொடுத்தபடி.

"கை அப்படி இல்ல சார்," என்றார் அவர். "தொடைக்கு அடியில வச்சிக்கினு குந்துவாரு. கடைசி வரைக்கும் வீட்லயும் அப்படித்தான். அங்க இருந்தப்போ வெரலு அதும்பாட்டுக்குக் காத்துல எழுதிக்கினு இருக்குமாம். அதப் பார்த்தா இன்னும் கொணமாவலன்னு குறிச்சிக்குவாங்களாம். அதுக்காக."

கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். எத்தனை மேடையில் அந்த மனிதராக நின்றிருக்கிறேன், இது எனக்குத் தெரியாது. விரல்கள் பலகையில் அழுந்தின.

கேட்டில் மணி அடித்தது. ஏதோ ஒரு எக்ஸ்பிரஸ் சென்னைப் பக்கம் பறந்தது. ஜன்னல் கம்பி நடுங்கியது, தட்டில் இருந்த மல்லாட்டை அசைந்தது. அப்பாதுரை அண்ணன், ஹால், பின்வரிசையில் பெட்டி எண்ணும் பாயிண்ட்ஸ்மேன்கள், எல்லாம் ஒரு கணம் வந்து போனது. இப்போதெல்லாம் வண்டி மூன்று நிமிடம் எடுத்துக்கொள்வதில்லை. அரை நிமிடத்தில் போய்விட்டது. வீடு நிசப்தமானது.

நான் எழுந்திருக்கவில்லை. பிரவீன்குமார் வாசற்படியில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். யாருடைய போனோ அடித்து ஓய்ந்தது. தெருவில் ஒரு ஆட்டோ போனது. உள்ளங்கால் வியர்த்தது, அன்றைக்கு வியர்த்த மாதிரியே. வியர்க்கட்டும் என்று விட்டுவிட்டேன். அண்ணன் குறித்துக் கொடுத்த மூன்று நிமிடத்தையும் முழுதாக உட்கார்ந்தேன்.

ஜெயம் டீச்சர் இப்போது என்னைப் பார்க்கவில்லை. சுவரில் இருந்த படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பார்த்துட்டேம்ப்பா," என்றார். "இப்டித்தான் இருந்த. நீ ஆடல."